வெப்பந்தாங்கி

என் தங்கை பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரின் தொழிற்பேட்டையில் வளையங்கள் செய்துகொண்டிருந்தாள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியவை, நடுவில் துளை, கருஞ்சாம்பல் நிறம். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தால் எதிர்பார்த்ததைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். அது குளிர்ந்த பொருள் அல்ல, கையின் சூட்டை உடனே வாங்கி மறுபக்கம் அனுப்பிவிடுகிறது, அவ்வளவுதான் என்று அவள் சொல்லுவாள்.

இந்த வளையம் தானாக எதையும் செய்வதில்லை. அதன் மேல்தோலில் பூசப்படும் மருந்துதான் வேலை செய்கிறது. மருந்து என்பது அவள் சொல். புத்தகத் தமிழில் அது வினையூக்கி. அந்தச் சொல் எங்கள் வீட்டில் என் வாயில் மட்டும்தான் இருந்தது. அவள் ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியில் படித்தாள், பிறகு மலாயில், பிறகு ஆங்கிலத்தில். வேதியியல் அவளுக்குத் தமிழ்ப்பள்ளியை விட்டு வந்த பிறகுதான் அறிமுகமானது. ஆகவே அவளுக்கு அது மங்கின், இல்லாவிட்டால் கேட்டலிஸ்ட். வீட்டில் அம்மாவிடம் பேசும்போது மருந்து.

அவள் செய்த வளையங்கள் போகும் இடம் ஓர் இரும்புக் குழாய். செம்பனை எண்ணெய் ஆலைகளின் கழிவுக் குட்டைகளிலிருந்து எழும் வாயுவைச் சுத்தம் செய்து, வேறு வாயுவாக மாற்றி, அந்தக் குழாய்க்குள் செலுத்துவார்கள். வளையங்களின் மேலுள்ள மருந்தைத் தொட்டதும் அது எண்ணெயாகவும் மெழுகாகவும் மாறும். மாறும்போது சூடு பிறக்கும். அந்தச் சூடு குழாயின் சுவருக்குப் போய், வெளியே ஓடும் நீருக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் குழாயின் நடுவில் ஓரிடம் மட்டும் தறிகெட்டுச் சூடேறும். மருந்து உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு அது செத்த மருந்து. காலங்காலமாக இதற்கு வெள்ளைப் பீங்கான் வளையங்களைத்தான் பயன்படுத்தி வந்தார்கள். பீங்கான் மருந்தைச் சுமக்கும், ஆனால் சூட்டைக் கடத்தாது. அதனால் வாயுவை மெதுவாகத்தான் விட முடியும். தங்கையின் வளையம் சிலிக்கான் கார்பைடு என்ற பொருளால் ஆனது. அது சுமக்கவும் செய்யும், கடத்தவும் செய்யும். வாயுவை வேகமாக விடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து வந்த பிறகு, பாகான் டாலாமில் உள்ள எங்கள் வீட்டின் சமையலறையில் அவள் இதை அம்மாவுக்குச் செய்து காட்டினாள். இரண்டு குச்சிகள், ஒன்று பீங்கான், ஒன்று அவளுடைய பொருள். இரண்டையும் சூடான கோப்பிக் குவளையில் நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவை மேல்நுனிகளைத் தொடச் சொன்னாள். அம்மா பீங்கானைத் தொட்டார், ஒன்றும் ஆகவில்லை. மற்றதைத் தொட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"உன்னோடது சுடுது. அவங்களோடது சுடல. அப்போ அவங்களோடதுதானே நல்ல சாமான்?"

"சுடணும்மா. சுட்டாத்தான் சூடு வெளிய போகுதுன்னு அர்த்தம்."

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கைப்பிடி சுடுகிற சட்டியை யார் வாங்குவார்கள் என்று என்னைக் கேட்டார். நான் பினாங்குத் தீவில் குடியிருக்கிறேன். நீண்டகாலம் ஒரு தமிழ் நாளேட்டில் துணையாசிரியராக இருந்தவன். ஞாயிறுதோறும் பெர்ரிப் படகு ஏறி அம்மாவையும் தங்கையையும் பார்க்க வருவேன். இந்த வீட்டு வழக்குகளில் எனக்கு எப்போதும் நடுவர் வேலைதான். அன்று நான் அம்மா பக்கம் சாய்ந்து சிரித்தேன். தங்கையும் சிரித்தாள்.

அவளுடைய பிரிவில் நான்கு பேர். வெளிநாட்டுத் தலைமையகம் ஒன்று, இங்கே ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, செய்து காட்டுங்கள் என்று விட்டிருந்தது. பல வருடம் செய்தார்கள். கடைசியில் ஒரு வாடிக்கை நிறுவனம் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டது. அதே பேட்டையில், இரண்டு தெரு தள்ளி, அவர்களுக்கு ஒரு சோதனைக்கூடம் இருந்தது. அங்கே இரண்டு குழாய்கள். ஒன்றாம் குழாயில் பழைய பீங்கான் வளையம், வாயு வழக்கமான வேகத்தில். இரண்டாம் குழாயில் தங்கையின் வளையம், வாயு அதைவிடப் பன்மடங்கு வேகத்தில். இரண்டிலும் பூசியிருப்பது ஒரே மருந்து. இரண்டாம் குழாய் சூடேறாமல் தாக்குப் பிடித்தால் பிரிவு பினாங்கிலேயே இருக்கும், பெரிதாகும். தாக்குப் பிடிக்காவிட்டால் மூடிவிடுவார்கள். தலைமையகம் இதை எழுத்தில் சொல்லிவிட்டது. தங்கை என்னிடம் இதைச் சொன்னபோது, நாளைக்கு மழை வரலாம் என்பதுபோலச் சொன்னாள். அவள் அப்படித்தான். பிரிவை மூடினால் அவள் செய்யக் கற்றிருந்த ஒரே காரியத்துக்கு இந்த நாட்டில் வேறு இடமில்லை.

வளையங்களைக் குழாயில் நிரப்பும்போது செய்து கொடுத்தவர்கள் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது வாடிக்கை நிறுவனத்தின் விதி. பிறகு யாரும் கைவைத்துவிட்டார்கள் என்ற பேச்சு வரக் கூடாதல்லவா. விதி நியாயமானது. தங்கை டிரம்களை லோரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, தன் காரில் பின்னாலேயே போய், அவர்கள் வாசலுக்கு வெளியே சாலையோரம் நிறுத்திக்கொண்டாள். பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. லோரியின் தார்பாய் ஒரு பக்கம் அவிழ்ந்திருந்ததை அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். டிரம்கள் நனைந்தன. உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது, மூடி இறுக்கமானது. ஃபோர்க்லிஃப்ட் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோனது. அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

குழாய்களைச் சூடாக்கி, மருந்தைத் தயார்படுத்தி, வாயுவைத் திறந்தார்கள். இரண்டு குழாய்களின் உள்வெப்பமும் கோடுகளாக அவள் கைப்பேசியில் வர ஏற்பாடு இருந்தது. ஒன்றாம் குழாய் பச்சை, இரண்டாம் குழாய் சிவப்பு. அந்த ஞாயிறு நான் போனபோது சாப்பாட்டு மேசையில் அவள் தட்டுக்குப் பக்கத்தில் கைப்பேசி இருந்தது. பச்சைக் கோடு படுத்திருந்தது. சிவப்புக் கோடு ஏறிக்கொண்டிருந்தது.

ஏறும்தான், பிறகு நிற்கும் என்றாள். நிற்கவில்லை. அவர்கள் வெளிப்பக்க நீரின் ஓட்டத்தைக் கூட்டினார்கள். கோடு கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறியது. அம்மா ஒவ்வொரு முறையும் கறிக்கிண்ணத்தை நகர்த்தி வைக்கும் சாக்கில் கைப்பேசியை எட்டிப் பார்த்தார். அவருக்குக் கோடுகளைப் படிக்கத் தெரியாது. மகளின் முகத்தைப் படிக்கத் தெரியும்.

அடுத்த வாரம் முழுக்க அவள் தன் கணக்குகளைத் திரும்பப் போட்டாள். வளையத்தின் துளை அளவு, பூச்சின் கனம், குழாயில் வளையங்கள் சரியாக உட்கார்ந்திருக்குமா என்பது. எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கொட்டகையில் தாங்களே செய்துபார்த்த சிறிய குழாயில் இப்படி ஒருபோதும் நடந்ததில்லை என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள். நடந்ததில்லை என்பதே ஏதோ தவறு செய்ததற்கு அடையாளம்போல அவளுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த வாடிக்கை நிறுவனத்துப் பொறியாளர் பண்பானவர். சோதனை திட்டப்படியே நடக்கும், முடிவில் பேசுவோம் என்று ஒவ்வொரு மாலையும் சொன்னார். அம்மா அன்னை மரியாள் முன்னால் மெழுகுவத்தி ஏற்றினார். என்னால் செய்ய முடிந்தது வாரநாட்களிலும் பெர்ரி ஏறி வந்து அவள் பக்கத்தில் உட்காருவது மட்டும்.

அப்படி ஒரு வாரநாளில் அவளை அழைத்துக்கொண்டு சோதனைக்கூடத்துக்கு எதிரே உள்ள மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். அங்கே அந்தக் கூடத்தின் ஸ்டோர் பொறுப்பாளர் உட்கார்ந்திருந்தார். ஜார்ஜ் டவுனிலிருந்து தினமும் பெர்ரியில் வருகிற தமிழ் முஸ்லிம், எனக்கு மூத்தவர். பெர்ரியில் பார்த்துப் பார்த்து எனக்குப் பழக்கம். எல்லோருக்கும் அவர் பாய். அவர் எதிரில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்திருந்த மேஸ்திரி. டிரம்களை இறக்கி, பிரித்து, குழாயருகே கொண்டுபோய்ச் சேர்த்தது அவருடைய ஆட்கள். நாற்பது வயதிருக்கும். இரண்டு மூன்று நாடுகளில் இதே வேலையைச் செய்தவர். பாய் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தே தாரிக், இழுத்து ஆற்றிய தேநீர், கொண்டுவரச் சொன்னார்.

"என்ன தங்கச்சி, மூஞ்சி இப்படி வாடிப் போச்சு? ரெண்டாம் நம்பர் இன்னும் சூடுதானா?"

சூடுதான் என்றாள்.

"அதான் எனக்குப் புரியல லா. ஒண்ணாம் நம்பரப் பாருங்க, ஏர்கான் போட்ட மாதிரி நிக்குது. தாஹான் பானாஸ் சாமான்னா சும்மாவா."

தங்கை கிளாஸைக் கீழே வைக்காமல் கேட்டாள். "எது பாய் தாஹான் பானாஸ்?"

"உங்க லோரில வந்தது. டிரம்ல ஒட்டியிருந்த பேப்பர் எல்லாம் மழையில ஊறி உரிஞ்சு வந்திருச்சு. வெறும் டிரம். பேர் இல்லாம ஸ்டோர்ல வைக்கக் கூடாது. இவர்கிட்டக் கேட்டேன், என்ன சாமான் மேஸ்திரி இதுன்னு."

மேஸ்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்த ரொட்டியை விழுங்கிவிட்டுச் சொன்னார். "வெப்பந்தாங்கின்னு சொன்னேன் மேடம்."

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தங்கை கேட்டாள். அவர் ஊரில் தமிழ்வழியில் தொழிற்படிப்புப் படித்தவர். வினையூக்கியைச் சுமப்பது தாங்கி. அதுதான் பாடப்புத்தகத்துச் சொல். சூட்டைக் கடத்துகிற தாங்கி என்றால் வெப்பங்கடத்தும் தாங்கி.

"அப்புறம் நடுவுல உள்ளத ஏன் விட்டீங்க?" என்று நான் கேட்டேன்.

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கம்பெனிக்குள்ள நின்னுக்கிட்டுக் கடத்துறோம் கடத்துறோம்னு கத்த முடியுமா அண்ணே? கேட்ல இருக்கிற செக்யூரிட்டிக்குத் தமிழ் தெரியும். ஒருநாள் எங்க ஆளு ஒருத்தன் சத்தமா, இதத்தான் இன்னைக்குக் கடத்தணும்னான். பையத் திறந்து காட்டுன்னு நிக்க வச்சிட்டாங்க. அதுலேர்ந்து சுருக்கி வெப்பந்தாங்கின்னே சொல்றது."

எங்கள் நாளேட்டிலும் கடத்தல் என்றால் ஆள் கடத்தல், சிகரெட் கடத்தல்தான். வேறு பொருளில் அந்தச் சொல்லை நான் எப்போதாவது தலைப்பில் விட்டிருப்பேனா என்று யோசித்தேன். விட்டிருக்க மாட்டேன்.

பாய் தன் பங்கைச் சொன்னார். "இவர் சொன்னதத்தான் நான் எழுதினேன். டியூப்ல கொட்டுறவங்க மலாய்க்காரப் பசங்க, அவங்களுக்குத் தமிழ்ல எழுதினா ஆகுமா? வெப்பம்னா பானாஸ். தாங்குறதுன்னா தாஹான். மார்க்கர்ல பெருசா எழுதினேன், எல்லா டிரம்லயும்." தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "ஏன், தப்பா எழுதிட்டேனா? ஸ்பெல்லிங் எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா."

எழுத்துப்பிழை இல்லைதான். தாஹான் பானாஸ் என்பது இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாத சொல். அடுப்பில் வைக்கிற கண்ணாடித் தட்டின் அடியில் அது இருக்கும், பீங்கான் கிண்ணத்தின் பெட்டியில் இருக்கும். சூட்டுக்கு ஈடுகொடுப்பது, சூட்டை மறுபக்கம் விடாதது. கொட்டியவர்களிடம் இருந்த குறிப்பு, ஒன்றாம் குழாயில் பீங்கான், இரண்டாம் குழாயில் சூட்டைக் கடத்துவது என்றது. பூச்சுக்குப் பிறகு இரண்டும் ஒரே கறுப்பு. கண்ணால் பிரிக்க முடியாது. ஒரு வரிசை டிரம்மில் தாஹான் பானாஸ் என்று இருந்தது, படிக்கிறவருக்கு அது பீங்கான்தான். மற்ற வரிசையில் என்ன இருந்தது என்று தங்கை கேட்டாள்.

"அது அவங்க பழைய சப்ளையர் டிரம். நம்பர் மட்டும்தான். அதுல நான் கை வைக்கல."

அவள் கிளாஸை வைத்தாள். மேஸ்திரிதான் முதலில் புரிந்துகொண்டார். பீங்கானை எந்தக் குழாயில் கொட்டினார்கள் என்பதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார். பாய்க்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. புரிந்தபோது அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"மாத்திக் கொட்டிட்டாங்களா?" என்றார்.

தங்கை நேராகப் பொறியாளரிடம் போனாள். நான் வெளியே காத்திருந்தேன். திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். குழாயைத் திறந்து ஒரே ஒரு வளையத்தை உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவள் சொன்னாள். பூச்சு மேல்தோலில் மட்டும்தான். உள்ளே வெள்ளையா சாம்பலா என்பது மறைக்க முடியாத விஷயம். திறக்க முடியாது என்றார் அவர். அது அவளுக்கும் தெரியும். வேலை செய்துகொண்டிருக்கும் மருந்து காற்றைத் தொட்டால் தீப்பிடிக்கும். சோதனையை நிறுத்தி, குழாயை ஆறவிட்டு, மருந்தை அடக்கிய பிறகுதான் திறக்க முடியும். அப்படி நடுவில் நிறுத்தினால் சோதனையே செல்லாது. அந்தக் கூடத்தில் அடுத்த முறை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. வாயுவின் வேகத்தையாவது குறைக்கலாமே என்று கேட்டாள். அது திட்டத்தில் இல்லை என்றார். தன் கோடு ஏறுகிறபோது எல்லாச் சப்ளையர்களுமே ஏதாவது ஒரு காரணத்தைக் கண்டுபிடிப்பார்கள், உங்களைக் குறையாகச் சொல்லவில்லை என்றும் சொன்னாராம். அவர் இடத்தில் இருந்தால் தானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்றாள்.

தன் தலைமையகத்துக்கும் எழுதினாள். முடிவு வரட்டும் என்று பதில் வந்தது.

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாத நாட்கள். அவள் கொட்டகைக்குப் போனாள், வந்தாள். மேசையில் கைப்பேசி இருந்தது. எந்தக் கோடு யாருடையது என்று எங்களுக்குத் தெரியும், கோட்டுக்கு மேலிருந்த பெயருக்குத் தெரியாது. சிவப்புக் கோடு உச்சிக்குப் போய், அங்கேயே நின்று, பிறகு தானாகவே இறங்கத் தொடங்கியது. அம்மா அதைப் பார்த்துக் கையைக் கூப்பினார். தங்கை என்னிடம் மட்டும், மருந்து செத்துவிட்டது, வேலை செய்யாததால்தான் சூடு இல்லை என்றாள். பழைய பீங்கான் அவள் பெயரில் செத்திருந்தது. அதைத் தாங்கவே முடியாத வேகத்தில் ஓடவிட்டிருந்தார்கள். அந்த வேகத்தில் அது செத்துப்போகும் என்று சொல்லித்தான் அவள் இத்தனை வருடமும் தன் வளையத்தைச் செய்தாள். இரண்டாம் குழாயில் நடந்தது அவள் சொன்னதற்கான நிரூபணம். அதை நிரூபணம் என்று பார்க்க அவளும் நானும் பாயும் மேஸ்திரியும் மட்டுமே இருந்தோம்.

அவளுடைய வளையங்கள் ஒன்றாம் குழாயில், தங்கள் வலுவில் கொஞ்சம்கூடத் தேவைப்படாத மெதுவான வாயுவில் இருந்தன. "என்னோடது தூங்குதுண்ணே," என்றாள். "எழுப்பவே இல்ல."

சோதனை முடிந்தது. குழாய்கள் ஆறிக்கொண்டிருக்கும்போதே வாடிக்கை நிறுவனத்தின் முடிவு மின்னஞ்சலில் வந்தது. திறந்து பார்ப்பது அவர்களுக்கு ஒரு சடங்கு மட்டும்தான். அளவைகள் முன்பே பேசிவிட்டன. அன்றும் ஞாயிறு. நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தபோது அவள் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது முறை படிக்கும்போது வாய்விட்டு, தமிழில் சொல்லிக்கொண்டே படித்தாள். புதிய வகை எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. வருந்துகிறார்கள். ஆனால் சோதனையில் பயனுள்ள ஒன்று தெரிந்தது. வழக்கமான பீங்கான் வகை, ஒன்றாம் குழாயில், அவர்கள் இதுவரை கண்டிராத அளவுக்குச் சீரான வெப்பத்தைக் காட்டியது. மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடு. ஆகவே பழைய சப்ளையரிடமே தொடர்ந்து வாங்க முடிவு செய்திருக்கிறார்கள்.

அவள் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். "என்னையப் புகழ்ந்திருக்காங்கண்ணே."

நான் வாங்கிப் படித்தேன். நல்ல ஆங்கிலம். வெட்டவோ திருத்தவோ ஒரு சொல் இல்லை. புகழ்ச்சி என்றால் நல்ல செய்திதானே என்று அம்மா கேட்டார். ஆமாம் என்று தங்கை சொன்னாள். பிறகு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

குழாய்களைத் திறந்தபோது விதிப்படி அவளுக்கும் மாதிரிகள் கொடுத்தார்கள். இரண்டு கண்ணாடிப் புட்டிகள். கொட்டகையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, ஒவ்வொரு புட்டியிலிருந்தும் ஒரு வளையத்தை எடுத்து, குறட்டால் உடைத்தாள். நானும் பாயும் பார்த்துக்கொண்டு நின்றோம். பாய் வேலை முடிந்து கேட்காமலே வந்திருந்தார். இரண்டாம் குழாயின் வளையம் உள்ளே வெள்ளை. ஒன்றாம் குழாயின் வளையம் உள்ளே சாம்பல். இன்னும் சிலவற்றை உடைத்தாள். வெள்ளை, வெள்ளை. சாம்பல், சாம்பல். படம் எடுத்து அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. நன்றி சொல்லியிருந்தார்கள். இது முக்கியமான தகவல், அறிக்கையின் பின்னிணைப்பில் குறிப்பாகச் சேர்க்கப்படும். கொள்முதல் ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது. எதிர்காலத்தில் வாய்ப்பு வந்தால் மறுபடி பேசலாம். நாளேட்டில் நானும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். முதல் பக்கத்தில் வந்த பிழைக்கு உள்பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில் திருத்தம் போடுவோம். போட்டுவிட்டோம் என்ற நிம்மதி எங்களுக்கு. அதைப் படித்து மனம் மாறிய ஒரு வாசகரை நான் சந்தித்ததில்லை.

தலைமையகம் படங்களைப் பார்த்துவிட்டு, உங்கள் கருத்து சரி, ஆனால் சந்தை பதில் சொல்லிவிட்டது என்று எழுதியது. பிரிவு மூடப்படும்.

பாய் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். பாலிக் புலாவிலிருந்து வாங்கிய ஜாதிக்காய் ஊறல் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரியின் ஒப்பந்தம் முடிந்து அவர் வேறு வேலைக்கு ஜொகூர் போய்விட்டாராம். போகும்போது, நான் சொன்ன சொல் சரிதானே பாய், நீங்க எழுதினதும் சரிதானே என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். பிறகு பாய் தங்கையிடம் சொன்னார்.

"நான் போய்ச் சொல்றேம்மா. நான்தான் எழுதினேன், என் கையெழுத்துதான்னு. எழுதிக் குடுன்னாலும் குடுக்குறேன்."

"யார்கிட்ட பாய் சொல்லுவீங்க?"

அவர் பொறியாளரின் பெயரைச் சொன்னார். அவர் போன வாரமே ஊருக்குப் போய்விட்டார் என்று தங்கை சொன்னாள். கூடத்தில் இப்போது வேறு ஆட்கள், வேறு குழாய், வேறு சோதனை. பாய் தலையசைத்தார். அது அவருக்கும் தெரியும், புதியவர்களின் டிரம்களை அவர்தான் இறக்கி வைத்திருந்தார். கேட்பதற்கு ஒருவர் இருந்திருந்தால் அவர் சொல்லியிருப்பார், தங்கையும் விட்டிருப்பாள். அம்மா பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார். நாங்கள் சாப்பிட்டோம்.

கொட்டகையைக் காலி செய்கிற நாளில் நானும் போயிருந்தேன். வளையங்களைச் சுடுகிற உலை கப்பலில் தலைமையகத்துக்குப் போகிறது. கழற்ற வந்தவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். உலையை முந்தின நாளே அணைத்திருந்தார்கள். ஆனால் அதன் உட்சுவர் செங்கல். செங்கல் சூட்டை எளிதில் வெளியே விடாது. கதவைத் திறந்து வைத்து, இரண்டு மின்விசிறிகளை அதன் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். வந்தவர்கள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து கைப்பேசி பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து போய், எப்போது தொடலாம் என்று தங்கையைக் கேட்டார். தங்கை உள்ளே கைநீட்டி, சுவரில் படாமல் கொஞ்ச தூரத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் இருக்கு," என்றாள். "இதை அவசரப்படுத்த முடியாது."

அவர் போய் மறுபடி உட்கார்ந்தார். அவள் உலைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். நான் அவளுக்கு ஒரு நாற்காலி தேடினேன். எல்லாவற்றையும் ஏற்கெனவே லோரியில் ஏற்றியிருந்தார்கள்.